சாட்சியர் மறையும் காலம்: ஹிரோஷிமா, நாகசாகி அழிவும் பொதுநினைவின் மங்கலும்

முன்னுரை

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின் மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் யுரேனிய அணுகுண்டு வெடித்தது. மூன்று நாள் கழித்து, 9ஆம் நாள் முற்பகல் 11.02 மணிக்கு நாகசாகியின் மேல் புளூட்டோனிய அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 140,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடாகும். போரில் அணுகுண்டு பயன்படுத்தப்பட்டது இவ்விரு முறையே.

இவ்வழிவிலிருந்து உயிர்பிழைத்தோரை ஜப்பானியர் 'ஹிபாகுஷா' என்பர். ஜப்பானிய அரசு இவர்களுக்கு உடல்நலக் கையேடு ஒன்றனை வழங்கி வருகிறது. 1980ஆம் நிதியாண்டின் இறுதியில் அக்கையேட்டைப் பெற்றிருந்தோர் 372,264 பேர். 2025ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் அத்தொகை 99,130 ஆகக் குறைந்தது. முதன்முறையாக ஓர் இலட்சத்திற்குக் கீழ் இறங்கிய இத்தொகையினரின் சராசரி அகவை 86ஐக் கடந்திருந்தது. இதற்குச் சில திங்களுக்கு முன்னர்தான், 2024ஆம் ஆண்டிற்கான நோபல் அமைதிப் பரிசு ஹிபாகுஷாக்களின் கூட்டமைப்பாகிய நிகோன் ஹிடாங்கியோவுக்கு வழங்கப்பெற்றது. உலகம் அவர்தம் குரலுக்குச் செவிசாய்த்த வேளையில் அக்குரலே அருகி வருகிறது.

இந்நிலையில் மூன்று வினாக்கள் எழுகின்றன. அணுகுண்டின் கொடுமை பற்றிய பொதுநினைவு எவ்வாறு உருவாயிற்று? அது மங்குவதற்குரிய காரணங்கள் யாவை? ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையை நேரிற்கண்ட மலாயா, சிங்கப்பூர் மண்ணில் வாழும் நமக்கு அந்நினைவோடு என்ன உறவு? இவற்றிற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

நினைவும் தலைமுறையும்

நினைவென்பது தனிமனித உள்ளத்தில் மட்டும் தங்குவதன்று. சமூகக் குழுக்களின் துணைகொண்டே அது நிலைபெறுகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் விளக்கினார். அக்கருத்தை விரித்த ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மான், கூட்டு நினைவை இருவகையாகப் பகுத்தார். வாய்மொழியாகத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுவது ஒருவகை. இது ஏறத்தாழ 80 முதல் 100 ஆண்டுகள் வரையே உயிர்ப்புடன் இருக்கும். நூல், சடங்கு, நினைவுச்சின்னம், கல்வி ஆகியவற்றில் பதிந்து நிலைப்பது மற்றொரு வகை. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறாதவை மறைந்துபோகின்றன.

இப்பகுப்பு தமிழாய்வு செய்வோர்க்குப் புதியதன்று. நடுகல் மரபை அறிந்த நாம், கல் நின்றாலும் அதனைச் சூழ்ந்த வழிபாடும் வாய்மொழியும் அற்றுப்போயின் அது வெறுங்கல்லாகிவிடும் என்பதை அறிவோம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் பொறிக்கப்பெற்றன. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலுள்ள நினைவு மேட்டினுள்ளோ, ஏறத்தாழ 70,000 பேரின் சாம்பல் உள்ளது. அவருட் பெரும்பாலோர் இன்னாரென அடையாளம் காணப்படாதவர். எஞ்சியோர் உரிமை கோரிவர உறவினர் இல்லாதவர். பெயரற்ற பெருந்திரளின் சாவை எவ்வாறு நினைவிற்கொள்வது என்பது அணுகுண்டு முன்வைத்த புதிய சிக்கலாகும்.

மறைக்கப்பட்ட ஏழாண்டுகள்

அணுகுண்டு நினைவு தொடக்கத்திலிருந்தே வலுவாக இருந்து பின்னர் மெல்லத் தேய்ந்தது என்று கருதுதல் பொருந்தாது. முதல் ஏழாண்டுகள் அது ஒடுக்கப்பட்ட நினைவாகவே இருந்தது. 1945 செப்டம்பரில் நேச நாட்டுப் படைத் தலைமையகம் ஜப்பானிய இதழ்களுக்கென விதிமுறைகளை வெளியிட்டது. அணுகுண்டு என்ற சொல் அவ்விதிகளில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. ஆயினும் பொது அமைதியைக் குலைப்பவை, நேச நாடுகளைக் குறைகூறுபவை என்ற வகையில் அழிவு பற்றிய செய்திகளும் படங்களும் தடுக்கப்பட்டன. ஜப்பானியத் திரைப்படக் குழுவினர் இரு நகரங்களிலும் எடுத்த படச்சுருள் பறிமுதல் செய்யப்பட்டது. ஹிரோஷிமாவில் தப்பிப் பிழைத்த எழுத்தாளர் ஓத்தா யோக்கோவின் நூல் 1948இல் சில பகுதிகள் நீக்கப்பட்டே வெளிவந்தது; முழுவடிவம் 1950இல்தான் வெளியாயிற்று.

வெளியுலகிலும் இதே நிலைதான். வில்பிரட் பர்ச்செட் என்ற ஆஸ்திரேலியச் செய்தியாளர், காயமேதுமின்றித் தப்பியவர்களும் மயிர் உதிர்ந்து, குருதி கசிந்து மாள்வதைக் கண்டு எழுதிய செய்தி 1945 செப்டம்பர் 5ஆம் நாள் இலண்டன் நாளிதழில் வெளிவந்தது. அமெரிக்கப் படை அதிகாரிகள் அதனை மறுத்தனர். 1946 ஆகஸ்டு 31ஆம் நாளிட்ட நியூயார்க்கர் இதழ் முழுவதையும் நிறைத்த ஜான் ஹெர்சியின் கட்டுரைதான், ஆறு மனிதர்களின் பட்டறிவின் வழியாக அமெரிக்க மக்களுக்கு அழிவின் மனிதமுகத்தைக் காட்டிற்று. 1947இல் ஹிரோஷிமாவில் பணியைத் தொடங்கிய அணுகுண்டு பாதிப்பு ஆணையம் பிழைத்தோரின் உடலை ஆராய்ந்தது. ஆனால் அவர்களுக்கு மருத்துவம் செய்வதைத் தன் கடமையாகக் கொள்ளவில்லை. இது அம்மக்கள் நெஞ்சில் ஆறாப் புண்ணாக நிலைத்தது.

1952 ஏப்ரலில் நேச நாட்டு ஆட்சி முடிவுற்ற பின்னரே அசாஹி கிராப் என்னும் படஇதழ், அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அழிவின் ஒளிப்படங்களைப் பரவலாக வெளியிட்டது. ஜப்பானிய மக்களுட் பெரும்பாலோர் ஹிரோஷிமாவின் உண்மை நிலையைக் கண்ணாற் கண்டது ஏழாண்டுகள் கழித்தே எனலாம்.

பிக்கினியும் நினைவின் எழுச்சியும்

நினைவைத் தேசிய இயக்கமாக்கியது மற்றொரு நிகழ்ச்சி. 1954 மார்ச்சு 1ஆம் நாள் மார்ஷல் தீவுகளைச் சார்ந்த பிக்கினியில் அமெரிக்கா வெடித்துச் சோதித்த வெப்ப அணுக்கரு குண்டின் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. மார்ஷல் தீவு மக்கள் மீதும், ஐந்தாம் புக்குரியூ மாரு என்ற சூரைமீன் படகின் 23 மீனவர் மீதும் கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. படகின் வானொலிப் பணியாளர் குபோயாமா ஐக்கிச்சி அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் மாண்டார். கதிரியக்கம் படிந்த சூரைமீன்கள் அழிக்கப்பட்டன. தம் அடுக்களைக்கே அணுகுண்டு வந்துவிட்டதை உணர்ந்த தோக்கியோ, சுகினாமி வட்டார இல்லத்தரசியரிடையே தொடங்கிய கையெழுத்து இயக்கம் நாடெங்கும் பரவி, 1955க்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டிற்று. 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு கூடியது. 1956 ஆகஸ்டு 10ஆம் நாள் நாகசாகியில் நிகோன் ஹிடாங்கியோ தோற்றம் பெற்றது. 1957இல் பிழைத்தோருக்கான மருத்துவச் சட்டம் நிறைவேறியது.

அதுகாறும் திருமணத்திலும் வேலைவாய்ப்பிலும் ஒதுக்கப்படுவோம் என்றஞ்சித் தம் அடையாளத்தை மறைத்து வாழ்ந்த பலர், இவ்வியக்கத்தின் பின்னரே வாய்திறந்தனர். சாட்சியம் கூறுதல் இயல்பாக எழுந்ததன்று. சமூகத் துணை கிடைத்தபோதே அது இயன்றது என்பது இங்கு நோக்கத்தக்கது. ஹால்ப்வாக்ஸின் கருத்துக்கு இது தக்க சான்றாகும்.

அப்படகின் பிற்கால வரலாறும் நம் சிந்தனைக்குரியது. பெயர் மாற்றப்பட்டு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக் கப்பலாகப் பயன்பட்ட அது, 1967இல் கழிக்கப்பட்டுத் தோக்கியோ விரிகுடாவின் குப்பைமேடாகிய யுமேனோஷிமாவில் கைவிடப்பட்டது. 1968இல் நாளிதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்று மக்களைத் தட்டியெழுப்ப, படகு மீட்கப்பட்டு 1976இல் அதே இடத்தில் காட்சிக்கூடத்தில் வைக்கப்பெற்றது. நாட்டையே உலுக்கிய ஒரு நிகழ்ச்சியின் சான்று பதின்மூன்று ஆண்டுகளுக்குள் குப்பையாயிற்று. ஒரு கடிதத்தால் மீண்டும் சான்றாயிற்று.

நினைவுச்சின்னங்களும் விடுபட்டோரும்

1952இல் அமைதிப் பூங்காவின் நினைவுமண்டபம் திறக்கப்பட்டது; 1955இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிதைந்து நின்ற கண்காட்சிக் கட்டடத்தின் குவிமாடத்தை இடித்துவிடலாம் என்ற கருத்தும் வலுவாக இருந்தது. 1966இல்தான் நகர மன்றம் அதனைக் காக்க முடிவு செய்தது. 1996இல் அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டபோது அமெரிக்காவும் சீனாவும் அம்முடிவிலிருந்து விலகிநின்றன. ஜப்பானியப் படையால் பேரிழப்புற்ற ஆசிய நாடுகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே சீனாவின் கவலையாக இருந்தது.

நினைவுமண்டபத்தில் பொறிக்கப்பட்ட வாசகம், பிழை மீண்டும் நிகழாது என்ற உறுதியைத் தருகிறது. ஆனால் அப்பிழைக்குரியவர் யார் என்பதைச் சுட்டவில்லை. தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கிய இந்திய நீதிபதி ராதா பினோத் பால், 1952 நவம்பரில் அங்குச் சென்றபோது இதனைக் கடுமையாக வினவினார். குண்டு வீசியவர் ஜப்பானியர் அல்லரே என்பது அவர்தம் கருத்து. அவ்வாசகத்தின் எழுவாய் மனிதகுலம் முழுமையே என்பது அதனை இயற்றியோர் தந்த விளக்கம்.

அழிவுக்கு ஆளானோருள் ஜப்பானியர் அல்லாதாரும் பல்லாயிரவர். கட்டாய உழைப்புக்கும் பிழைப்புக்கும் என வந்திருந்த கொரியர் பெருந்தொகையினர். அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் அமைதிப் பூங்காவிற்கு வெளியிலேயே நிறுவப்பட்டது. 1999இல்தான் உள்ளே இடம் பெற்றது. ஒரு நாட்டின் துயரமாக மட்டும் கட்டமைக்கப்படும் நினைவு, தன்னுள்ளேயே மறதியைச் சுமந்து நிற்கும் என்பதற்கு இது சான்று.

ஹிரோஷிமாவில் மலாயா மாணவர்

விடுபட்டோர் வரிசையில் நம் மண்ணைச் சார்ந்தோரும் உளர். 1943, 1944ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய அரசு, தான் கைப்பற்றிய தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 இளைஞரைத் 'தென்பகுதிச் சிறப்பு மாணவர்' என்ற பெயரில் அழைத்துச் சென்றது. அவருட் சிலர் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்தின் முன்னோடி நிறுவனத்தில் பயின்று வந்தனர். ஆகஸ்டு 6ஆம் நாள் மலாயாவைச் சார்ந்த நிக் யூசோப், சையத் ஓமார், அப்துல் ரசாக் ஆகிய மூவரும் அந்நகரில் இருந்தனர்.

கிளந்தானைச் சார்ந்த நிக் யூசோப் அழிவில் மாண்டு, ஹிரோஷிமாவின் பௌத்த ஆலயம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டார். ஜொகூரைச் சார்ந்த சையத் ஓமார் தோக்கியோ செல்லும் வழியில் கதிரியக்க நோய் முற்றி, 1945 செப்டம்பர்த் தொடக்கத்தில் கியோட்டோவில் உயிர்நீத்தார். அவர்தம் கல்லறை அந்நகரின் என்கோஜி ஆலயத்தில் உள்ளது. வகுப்பறையில் இருந்த அப்துல் ரசாக் இடிபாடுகளிலிருந்து மீண்டு நாடு திரும்பினார், ஆசிரியராகப் பணியாற்றினார், மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்தார். 2013இல் மறையும்வரை, தாம் கண்டதை இளையோர்க்கு எடுத்துரைத்து வந்தார். அவர்தம் பட்டறிவை ஒத்மான் புத்தே 'டெபு ஹிரோஷிமா' என்னும் மலாய் நூலாக்கினார். உடன் தப்பிய புருணை மாணவர் பெங்கிரான் யூசுப் பின்னாளில் அந்நாட்டின் முதலமைச்சரானார். அவர் 2016இல் காலமானார்.

இவர்களுக்குப் பின் ஹிரோஷிமாவைத் தம் சொந்தப் பட்டறிவாகக் கூறவல்ல மலேசியக் குரல் பொதுவெளியில் இல்லை. நம் மாணவருட் பலர் இவர்தம் பெயரைக் கேட்டதே இல்லை என்பது ஆசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தியாகும்.

இரு நினைவுகள், ஒரு மண்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அணுகுண்டு நினைவு ஆழமாக வேரூன்றாமைக்குத் தக்க காரணம் உண்டு. சூக் சிங் படுகொலையில் சீனர் கொல்லப்பட்டனர். சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டுக் காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் பலியாயினர். மீண்டவர் சிலரே. அம்மக்களின் குடும்பத்தார்க்கு 1945 ஆகஸ்டு என்பது விடுதலையின் திங்கள். செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் ஜப்பானியப் படை சரணடைந்ததை அவர்கள் மகிழ்ச்சியோடு கண்டதில் வியப்பேதுமில்லை. பள்ளி வரலாற்றிலும் அணுகுண்டு பெரும்பாலும் ஆட்சி மாற்றத்திற்குரிய காரணங்களுள் ஒன்றாக, ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது.

இவ்வுணர்வை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஜப்பானியப் படையின் கொடுமையை மறைப்பதற்கு ஹிரோஷிமாவைத் திரையாக்குவது அறமன்று. அவ்வாறே, இரயில்பாதையில் மாண்டோரின் துயரைக் காட்டி, ஹிரோஷிமாவில் எரிந்த பள்ளிச் சிறாரின் சாவை நியாயப்படுத்துவதும் அறமன்று. அன்று காலை, தீப்பரவலைத் தடுக்க வீடுகளை அகற்றும் பணியில் ஈடுபடுத்தப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான நடுநிலைப்பள்ளி மாணவர் திறந்தவெளியில் நின்றனர். கட்டுப்படுத்த இயலாத பேரரசு ஒன்றால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர் என்ற வகையில் அம்மாணவரும் நம் தோட்டத் தொழிலாளரும் ஒரே நிலையினரே. நிக் யூசோபும் சையத் ஓமாரும் இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் புள்ளியில் நிற்கின்றனர். ஆட்சிசெய்தவரால் அழைத்துச் செல்லப்பட்டு, அவ்வாட்சியை முடித்த குண்டினால் மாண்டனர்.

மங்கலின் காரணங்கள்

பொதுநினைவு மங்குவதற்குச் சாட்சியரின் மறைவு மட்டும் காரணமன்று. முதலாவதாக, ஆயுதமே கண்ணுக்குப் புலனாகாமற் போயிற்று. 1963ஆம் ஆண்டின் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்திற்குப் பின் சோதனைகள் பெரும்பாலும் நிலத்தடிக்குச் சென்றன. வளிமண்டலத்தில் நிகழ்ந்த இறுதிச் சோதனை 1980இல் சீனா நடத்தியதாகும். காளான் வடிவ மேகத்தைச் செய்தியாகக் கண்டஞ்சிய தலைமுறை மறைய, அதனைச் சுவரொட்டிச் சின்னமாக மட்டும் கண்ட தலைமுறை வளர்ந்தது.

இரண்டாவதாக, அழிவு கேளிக்கையாயிற்று. பிக்கினி நிகழ்ச்சியின் அச்சத்திலிருந்து 1954இல் பிறந்த கோட்சில்லா, நாளடைவில் சிறுவர் விளையாட்டுப் பொருளாயிற்று. 2023இல் உலகெங்கும் பேசப்பட்ட 'ஓப்பன்ஹைமர்' திரைப்படம் குண்டை உருவாக்கியவரின் மனப்போராட்டத்தைக் காட்டிற்று. குண்டு விழுந்த நகரைக் காட்டவில்லை.

மூன்றாவதாக, நினைவே அரசியற் போராட்டக் களமாயிற்று. 1995இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், குண்டு வீசிய விமானத்தோடு ஹிரோஷிமா மக்களின் துயரையும் காட்சிப்படுத்தத் திட்டமிட்டது. போர்வீரர் அமைப்புகளும் அரசியலாளரும் எதிர்த்தமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது; இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். விமானம் மட்டும் காட்சிக்கு நின்றது. ஜப்பானிலும் இத்தகைய சுருக்கம் நிகழ்கிறது. 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியம் தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து 'வெறுங்கால் கென்' என்ற படக்கதையின் பகுதியையும், ஐந்தாம் புக்குரியூ மாரு பற்றிய பகுதியையும் நீக்கிற்று. குப்பைமேட்டிலிருந்து மீட்கப்பட்ட படகு, பாடநூலிலிருந்து மீண்டும் வெளியேறியது.

நான்காவது காரணம் உளவியல் சார்ந்தது. 1962இல் ஹிரோஷிமாவில் பிழைத்தோரை ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர் இராபர்ட் ஜே லிப்டன், தாங்கவொண்ணாக் காட்சியின்முன் உணர்வு மரத்துப்போதலை விளக்கினார். அந்நிலை பிழைத்தோர்க்கு மட்டும் உரியதன்று. பேரழிவின் நிழலில் வாழும் உலகமே அவ்வாறு மரத்துப்போகிறது என்றும் அவர் கருதினார். இன்றும் உலகில் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் உள்ளன என்பதைக் கேட்டும் நாம் அமைதியாக அடுத்த செய்திக்குச் செல்வது இதன் விளைவே எனலாம்.

இதன் பயனாக, 2015இல் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. நடத்திய ஆய்வில், ஹிரோஷிமாவில் குண்டு வீசப்பட்ட நாளைச் சரியாகக் கூறியோர் நாடளாவிய நிலையில் பத்தில் மூவர் என்ற அளவிலேயே இருந்தனர். மறுபுறம், ஹிரோஷிமா அருங்காட்சியகத்திற்கு வருவோர் தொகை 2024ஆம் நிதியாண்டில் இருபது இலட்சத்தைக் கடந்தது. வருகை பெருகுவதையே நினைவு வலுப்பெறுவதாகக் கொள்ளவியலாது என்பதை இவ்விரு செய்திகளும் ஒருசேர உணர்த்துகின்றன.

சாட்சியர்க்குப் பின்

இந்நிலைக்கு ஹிரோஷிமா கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, மரபுரிமைச் சாட்சியர். 2012 முதல் அந்நகரம், பிழைத்தோர் ஒருவரின் பட்டறிவை இளையவர் ஒருவர் பல்லாண்டு பழகிக் கேட்டு, அவர் சார்பில் பிறர்க்கு எடுத்துரைக்கும் பயிற்சியை நடத்தி வருகிறது. குரு வாய்மொழியைச் சீடர் ஏற்று வழங்கும் நம் பழைய கல்வி முறையை இது நினைவூட்டுகிறது. மற்றொன்று, பொருள்களைப் பேசவைத்தல். 2017இல் அருங்காட்சியகம், தோல் உரிந்து நிற்கும் மனித உருவப் பொம்மைகளை அகற்றியது. 2019இல் திறக்கப்பட்ட புதிய காட்சியமைப்பில் மாண்டோரின் உடை, உணவுப்பெட்டி, மூன்று சக்கர மிதிவண்டி ஆகிய உண்மைப் பொருள்களே முதன்மை பெற்றன. பொம்மைகள் நீங்கியதால் கொடுமையின் அச்சம் குறையும் என்று வருந்தியோரும் உளர். ஆயினும் செய்துவைத்த அச்சத்தைவிட, வங்கியொன்றின் கற்படியில் அமர்ந்திருந்த ஒருவர் விட்டுச்சென்ற நிழற்கறை வலிமையான சான்று என்பதே நம் கருத்து. அக்கல் இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நம் வட்டாரத்திற்கும் இதிற் பங்குண்டு. 1995இல் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தம் தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கியது. அனைத்துலக நீதிமன்றம் 1996இல் வழங்கிய கருத்துரையைத் தொடர்ந்து ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் ஆண்டுதோறும் தீர்மானம் கொண்டுவந்த நாடு மலேசியா. அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை அது 2020இல் உறுதிசெய்தது. 2017இல் அவ்வொப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது சிங்கப்பூர் வாக்களிப்பிலிருந்து விலகியது. அண்டை நாடுகள் இரண்டும் வெவ்வேறு நிலைப்பாட்டை மேற்கொண்ட இச்செய்தியே வகுப்பறையில் நல்லதொரு விவாதத்திற்கு இடந்தரும்.

தமிழாசிரியர்கள் இயன்றவற்றைச் செய்யலாம். மரண இரயில்பாதை பற்றிய கட்டுரைப் பயிற்சியோடு மலாயா மாணவர் மூவரின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பிக்கலாம். பெயர், ஊர், அகவை ஆகியவற்றோடு ஒரு மனிதரை மாணவர் அறிந்துகொண்டால், 140,000 என்ற எண் அவர்க்குப் பொருளுடையதாகும். மலாய்மொழியில் உள்ள அப்துல் ரசாக்கின் வரலாற்றைத் தமிழில் அறிமுகப்படுத்தும் பணியும் நம்முன் உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். அணுகுண்டு பற்றிய பொதுநினைவு தானே தோன்றியதன்று. தணிக்கையை எதிர்த்தும், மீனவர் ஒருவரின் சாவால் விழித்தும், இல்லத்தரசியரின் கையெழுத்தால் வளர்ந்தும் உருவாக்கப்பட்டது. ஆதலால் அது தானே நிலைக்கவும் இயலாது. கட்டடங்களும் ஆண்டு விழாக்களும் அதனைத் தாங்கலாம்; எடுத்துரைப்போர் இன்றேல் உயிர்ப்பிக்க இயலாது. சாட்சியர் வாழும் இவ்விறுதி ஆண்டுகளில் அவர்தம் சொல்லைக் கல்வியினுள் கொண்டுசேர்த்தல் ஜப்பானியர் பொறுப்பு மட்டுமன்று. கியோட்டோ ஆலயமொன்றில் நம் நாட்டு இளைஞர் ஒருவரின் கல்லறை இருக்கும்வரை அது நம் வரலாறுமாகும். அதனை நம் மாணவர்க்குக் கற்பிக்கும் கடமை நம்மையே சாரும்.